நாவல்பழப் பீப்பாய்

முதல் கோப்பையை அவர் மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

இனி அவள் பாடு.

ஒரு மடக்கு குடித்தாள். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

அவர் கைபேசியில் தட்டிக் காட்டினார். ‘சொல்லு.’

அவர் நாக்கை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. புற்று. கஞ்சியும் மருந்தும் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான். பேச்சு போயிற்று, ருசி போயிற்று. மூக்கை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். போன வாரம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கழுத்துக்கும் வந்துவிட்டது என்றார். இன்னும் எத்தனை மாதம் என்று அவள் கேட்டாள். கணவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் இந்த டிக்கெட்டைத்தான் எடுத்துக் காட்டினார்.

பெங்களூருக்கு வெளியே ஒரு பீர் ஆலை. பீப்பாயில் வருடக்கணக்கில் புளிக்கவைத்த பீரை வருடத்தில் ஒருநாள் திறப்பார்கள். நாற்பது பேருக்குத்தான் டிக்கெட். ஆளுக்கு ஐந்து சின்னக் கோப்பை.

ஒவ்வொரு வருடமும் அவர் இரண்டு டிக்கெட் எடுப்பார். ஒன்று வீணாகும்.

“ஒரே ஒரு மடக்கு குடிச்சுப் பாரேன்” என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார்.

“நாத்தம். தள்ளி உக்காருங்க” என்பாள்.

இந்த வருடம்தான் வந்திருக்கிறாள்.

“புளிக்குதுங்க.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். போதாது. ‘என்ன புளிப்பு? எலுமிச்சையா? தயிரா?’

புளிப்பில் இத்தனை ரகம் பார்க்கவேண்டும் என்று, இத்தனை வருடம் புளிக்குழம்பு வைத்தவளுக்குத் தோன்றியதே இல்லை. இன்னொரு மடக்கு எடுத்து வாயிலேயே வைத்திருந்தாள்.

“தயிர். ரெண்டு நாள் வெளியவே கெடந்த தயிர். கடைசியில கொஞ்சம் மாங்கா.”

அவர் மறுபடி முகர்ந்தார். மெல்லத் தலையாட்டினார். மதிப்பெண் அட்டையில் பத்துக்கு ஏழு போட்டார்.

இரண்டாவது கோப்பை வந்தபோது, பீர் தயாரிக்கும் பெண் மைக்கைப் பிடித்தாள். இதில் குதிரைக்குப் போர்த்துகிற கம்பளியின் வாசனை வரும் என்றாள். மேசையைச் சுற்றி இருந்த தாடிக்காரர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆளுக்கொரு குதிரை வீட்டில் கட்டியிருப்பார்கள் போல.

“கம்பளியெல்லாம் எனக்குத் தெரியலைங்க. மழையில நனைஞ்ச சாக்கு.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. கடைவாயில் வழிந்த எச்சிலைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

அவர் முன்னால் நிரம்பிய கோப்பைகள் சேர்ந்துகொண்டே போயின. பக்கத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

“சார் ஒண்ணுமே குடிக்கலையே?”

“வாசனை அவரோடது. குடிக்கிறது நானு” என்றாள் அவள்.

அந்த ஆள் அசடு வழிந்து திரும்பிக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு மடக்கையும் பயந்து பயந்துதான் குடித்தாள். இவள் வாயிலிருந்து வருவதுதான் அவருக்கு ருசி. தப்பாகச் சொன்னால் அந்தத் தப்போடுதான் அவர் போவார்.

மூன்றாவது, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி. நான்காவதை என்ன சொல்வது என்று தெரியாமல் நான்கு தடவை குடித்தாள். கடைசியில், பழைய புளி, துளி வெல்லம் போட்டது என்றாள். அவர் எட்டு போட்டார்.

ஐந்தாவது, நாவல்பழம். மூன்று வருடம் பீப்பாயில் இருந்தது. அதை மூடிய அன்றைக்கு அவர் இங்கே வந்திருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான்.

கோப்பையை மூக்கிலிருந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வெகுநேரம் வைத்திருந்தார். கண் கலங்கிவிட்டது.

அவள் குடித்தாள்.

முதலில் துவர்த்தது. பிறகு புளித்தது. எல்லாம் அடங்கியபின் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு இனிப்பு வந்தது. அது போய்விடுமோ என்று இன்னொரு மடக்கு குடித்தாள். அப்புறம் இன்னொன்று.

குனிந்து பார்த்தால் கோப்பை காலி.

எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லவே மறந்திருந்தாள்.

அவளுக்குப் பிடித்துவிட்டது. அதைத்தான் தாங்கமுடியவில்லை. இத்தனை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்திருக்கலாம். தயிரா மாங்காயா என்று சண்டை போட்டிருக்கலாம். மனுஷன் வேறென்ன கேட்டார்?

அவர் ‘சொல்லு’ என்று தட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதற்குள் மைக் பிடித்த அந்தப் பெண் ஒரு தாளோடு மேசைக்கு வந்தாள்.

“இன்னிக்குப் புதுசா ஒரு நாவல்பழப் பீப்பாய் மூடுறோம் சார். தொறக்க மூணு வருஷம் ஆகும். இப்ப வந்திருக்கறவங்களுக்குத்தான் முதல்ல இடம். பேரும், எத்தனை பேர்னும் எழுதிக் குடுத்துட்டாப் போதும்.”

அவர் பேனாவை வாங்கினார்.

வசுமதி என்று மனைவியின் பெயரை எழுதினார். தன் பெயரை எழுதவில்லை. எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டார்.

அவள் அந்த ஒன்றையே பார்த்தாள்.

“ரெண்டுன்னு போடுங்க.”

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார்.

“மூணு வருஷம் கழிச்சு நான் மட்டும் வந்து குடிச்சுட்டு, எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்டங்க சொல்றது?”

அவர் அந்த ஒன்றை மாற்றவில்லை.

பேனாவை மூடி, தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.