தரையில் ஒரு நீலக் கோடு

குடுவைக்குள் சுழல வேண்டிய காந்தக் குச்சி மறுபடியும் துள்ளி ஓரத்தில் விழுந்தது. அடியிலிருந்த பெட்டி மட்டும் மேசையில் தானாக நகர்ந்தது.

"உன் பெட்டி ஏரிக்கரைக்கு வாக்கிங் கிளம்பிடுச்சு பாரு, டீச்சர்!"

என் கணவர் ஆர்லன். சமையலறைத் தரையில் நான் ஒட்டிய நீல நாடாவுக்கு அப்பால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அதைத் தாண்டக் கூடாது என்பது என் கட்டளை. அவருடைய கால் பெருவிரல் நாடாவைத் தொட்டது. ஒரு பார்வை பார்த்தேன், விரல் பின்வாங்கியது.

இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பியர் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொள்பவள். அப்படிப்பட்ட நான்தான் பழைய கணினியின் விசிறியைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்கை உடைத்தெடுத்த காந்தங்களை அதன்மேல் ஒட்டி, சுருட்டுப் பெட்டிக்குள் பொருத்தியிருந்தேன். விசிறி சுழன்றால் காந்தம் சுழலும். காந்தம் சுழன்றால் மேலே குடுவைக்குள் குச்சி சுழலும். பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் காற்று வாங்கிப் பெருகும்.

காந்தம் கோணலாக ஒட்டியிருந்தது. கோணல் கையெழுத்துக்கு மதிப்பெண் குறைத்த அதே கை ஒட்டியது.

குடுவையில் இருந்தது, அவர் காய்ச்சிய பியரின் கடைசிப் புட்டியில் தங்கிய வண்டல். ஆண்டுக்கணக்காக அவரே வளர்த்து வந்த ஈஸ்ட். மில்வாக்கி நகரம் முழுவதும் தேடினாலும் வேறெங்கும் கிடைக்காது. இது செத்தால் அவருடைய பியரும் முடிந்தது. வசந்த காலத்தில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தப் பியர் ஒன்றைத்தான்.

காந்தங்களைப் பெயர்த்து, அளவுகோல் வைத்து நடுவில் ஒட்டினேன். விசிறியின் வேகத்தைக் கூட்டும் குமிழை மெல்லத் திருகினேன்.

குச்சி தடுமாறியது. நின்றது. பிறகு சுழன்றது.

திரவத்தின் நடுவே சிறு பள்ளம் விழுந்தது.

"சுழி விழுந்துடுச்சா? நானும் பாக்கணும் வெர்னா. ஒரே ஒரு எட்டு வந்துட்டுப் போயிடறேன்."

"உக்காருங்க."

படுக்கையறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து குடுவைக்கு மேல் சாய்த்துப் பிடித்தேன். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். என் கை கடுக்கும்வரை பார்த்தார்.

அவர் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கருக்குக் காந்தம் ஆகாது. ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும் என்றார் மருத்துவர்.

அந்த ஒரு சாணை நீல நாடாவரை நீட்டித் திருத்தியவள் நான்.