கம்பத்தில் தொங்கிய அதிவேகம்

ஊர் எல்லைக் கம்பத்தில் மூன்று வருஷமாகச் சுருண்டு தொங்கிய இணையக் கேபிள், தன் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது.

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முழுப் படத்தையும் இறக்கிடுவேன், தெரியுமா?" என்றது, சுருளுக்குள் கூடு கட்டியிருந்த காக்காவிடம்.

"அது சரிண்ணே, ஊருக்குள்ள எப்ப போறதா உத்தேசம்?"

"அதான் ரிப்பன் வெட்டித் திறந்தாச்சே! வீடுகளுக்கு இணைக்க வேண்டியதுதான் பாக்கி."

அன்றைக்கே ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கேபிளுக்குப் புல்லரித்தது. அவர் அண்ணாந்து பார்த்தார், கூட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார், படிவத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

"என்ன எழுதினாரு? எப்ப இணைப்பாங்களாம்?" என்று கேபிள் பதறியது.

ஜீப் மேல் உட்கார்ந்து எட்டிப் படித்துவிட்டு வந்த காக்கா சொன்னது:

"இணைப்பு பயன்பாட்டில் இருக்காம். பயனடைந்த குடும்பம், ஒண்ணு."