பின்னால் வந்த கறுப்புப் படகு

“கிரெகர்! அந்தக் கறுப்புப் படகு இன்னும் கிட்ட வந்துருச்சு!”

படகின் பின்தளத்தில் மழைக்கோட்டோடு நின்றபடி லோர்னா கத்தினாள். உள்ளே கட்டிலில் கிடந்த அவள் கணவன் கிரெகர் முனகினான். பவளப்பாறை கிழித்த பாதம் பழுத்து, பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. எழுந்து வந்து பார்க்க வழியே இல்லை.

“அவன் நேத்துலேர்ந்து அங்கதானே நிக்கிறான். உள்ள வந்து ஒரு வாய் காபி குடி.”

“காபியா! காலைல எங்கயோ தூரத்துல இருந்தான். இப்ப மூக்கை நம்ம பக்கம் நீட்டிக்கிட்டு வர்றான். வேணும்னா நீ குடி!”

மழை பிடித்ததிலிருந்து, அவர்கள் நங்கூரம் போட்டிருந்த தீவே கண்ணில் இல்லை. தென்னைகள், தேவாலயத்தின் சிவப்புக் கூரை எல்லாம் வெள்ளையாய் மறைந்துவிட்டன. மிச்சமிருந்தது இந்த இரண்டு பாய்மரப் படகுகளும், நடுவே குறைந்துகொண்டே வந்த தண்ணீரும்தான்.

போன தீவில் ஒரு வதந்தி கேட்டிருந்தார்கள். யாரோ ஒரு தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு, அவர்கள் படகைக் கொண்டுபோய்விட்டார்களாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை, சொன்னவர்கள்தான் ஊர்ப்பட்ட பேர். கேட்டபோது லோர்னா சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

நியூசிலாந்தில் இருந்த ஒரே வீட்டை விற்றுத்தான் இந்தப் படகை வாங்கினார்கள். இது போனால், இறங்கி நிற்க இருவருக்கும் ஒரு முழத் தரைகூடக் கிடையாது.

“நங்கூரத்தைத் தூக்கிட்டு ஓடிரலாமா?” என்றாள்.

“இந்தக் காத்துலயா? அதுவும் நான் போட்ட நங்கூரம்டி. புல்டோசர் வந்து இழுத்தாலும் பேராது. சும்மா பயந்து சாகாதே.”

காற்று இன்னொரு முறை ஓங்கி அடித்தது. முன்பக்கம் நங்கூரச் சங்கிலி கரகரவென்று பவளத்தில் உரசியது. லோர்னா கறுப்புப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் பாய் ஏற்றவில்லை. எஞ்சின் ஓடினால் பக்கவாட்டில் தண்ணீரைத் துப்ப வேண்டும், அதுவும் இல்லை. சுக்கானைப் பிடிக்கக்கூட ஒரு ஆள் இல்லை. ஆனாலும் சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“ஐயோ, அதுல ஆளே இல்ல கிரெகர்! எப்படி வருது?”

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆள் வந்துவிட்டான். மார்பு வரை தாடி, மேலே சட்டை இல்லை. இவளைப் பார்த்ததும் பிரெஞ்சில் ஏதோ கூச்சல் போட்டான். உள்ளே ஓடிப்போய் ஊதலை எடுத்து வந்து, காது கிழிய ஊதினான். அப்புறம் தடதடவென்று படகின் பக்கவாட்டில் உரசல் தாங்கும் ரப்பர் மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தான்.

“மெத்தை கட்டுறான்! ஒட்டி நிறுத்தி உள்ள குதிக்கப் போறான்!”

இதைக் கேட்டதும்தான் கிரெகரும் பயந்தான். ஒட்டி நிற்க நினைக்காதவன் எதற்கு மெத்தை கட்டுகிறான்? கட்டிலிலிருந்து உருண்டு இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு படி வரை தவழ்ந்தான். அதற்கு மேல் கால் வரவில்லை.

“லோர்னா! சுக்கானுக்குக் கீழ பெட்டியில வாணத் துப்பாக்கி இருக்கு. எடு, சீக்கிரம்!”

நடுக்கடலில் ஆபத்தென்றால் வானத்தைப் பார்த்துச் சுடுகிற துப்பாக்கி அது. மனுஷன்மேல் பட்டால் கரியாக்கிவிடும். லோர்னா வாழ்நாளில் ஒரு பல்லியைக்கூட அடித்தவள் இல்லை. தோட்டாவைப் போட்டு மூடினாள்.

நிமிர்ந்தபோது கறுப்புப் படகின் மூக்கு தலைக்கு மேல் நின்றது. தாடிக்காரன் நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்போடு அதன் முனைக்கு ஓடி வந்து, இவள் படகை நோக்கி நீட்டினான்.

லோர்னா இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தூக்கி அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். கண்ணில் வழிவது மழையா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“கிட்ட வராதே! இன்னும் ஒரே ஒரு அடி வந்தே, சத்தியமா சுட்டுருவேன்!”

கம்பு தண்ணீரில் விழுந்தது. தாடிக்காரன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தெரிந்த கொஞ்சநஞ்ச இங்கிலீஷையெல்லாம் திரட்டி அலறினான்.

“சுடாதீங்க மேடம்! நான் நங்கூரத்துல நிக்கிறேன்… வர்றது நீங்க!”