கார்ட் ரூம் கெட்டில்

ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் கம்பெனி மாட்டிக் கொடுத்த, முகம் பார்த்து வருகை பதியும் மெஷின், தினமும் காலை எட்டு மணிக்குச் சரியாகப் படுத்துக்கொள்கிறதாம். மறுபடி எழும்ப நாலு நிமிஷம். அதுவரை வருகிறவர்களை கேட் கார்ட் கன்னையா நோட்டில் எழுதிக்கொள்கிறார். மேனேஜர் பரமேஸ்வரன் என்னைப் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். கன்னையா அங்கிள் ஏழு ஐம்பத்தொன்பதுக்குக் கெட்டிலைப் போடுகிறார். கரன்ட் ட்ரிப் ஆகி நின்றுபோகிறது. மெஷினும் அதே லைன், அதுவும் கூடவே அணைகிறது.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு டீ போட்டா என்ன, அங்கிள்?"

"பழக்கமாயிருச்சு லா, மா."

அறுபது வயசில் ஒரு டீக்குப் பொறுமையில்லை. இவரைத் திருத்துவதைவிட மெஷினைத் திருத்துவது சுலபம் என்று உட்கார்ந்தேன்.

மெஷினுக்குள் இருப்பது குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர். எங்கள் பைத்தான் ப்ரோக்ராம் எழும்பும்போதே லைப்ரரி என்கிற துணை ப்ரோக்ராம்கள், ஊரில் உள்ள எல்லாவற்றையும் கூடவே இழுத்து வந்தது. மாத ரிப்போர்ட், கிராப், ஈமெயில். ஒரு முகத்தைப் பார்க்க இதெல்லாம் எதற்கு? தேவைப்படும்போது வந்தால் போதும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். மூன்று நாள் மண்டை காய்ந்தது. நாலு நிமிஷமாக இருந்தது பன்னிரண்டே செகண்டாகக் குறைந்தது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வேடிக்கை பார்க்கக் கேட் பக்கத்திலேயே நின்றேன். கெட்டில் போட்டார், ட்ரிப் ஆனது, சுவிட்சைத் தட்டினார். பன்னிரண்டு செகண்டில் மெஷின் ரெடி. கன்னையா கையில் எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

எட்டு இரண்டுக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பேக்கிங்கில் வேலை செய்யும் சல்மாவாம். மெஷின் அவள் முகத்தைப் பார்த்து, சிவப்பில் 'லேட்' என்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மூணு லேட் ஆனா வேலை போயிரும், மா," என்றார் கன்னையா. கிள்ளானில் அவள் பிள்ளையை விடுகிற இடம் ஏழரைக்குத்தான் திறக்குமாம், அங்கிருந்து இங்கே வர அரை மணிக்கு மேல் ஆகுமாம். வீட்டில் வேறு ஆள் இல்லையாம்.

"ரூல்னா ரூல்தானே, அங்கிள்."

"ஆமா மா."

நோட்டைப் புரட்டினேன். இத்தனை நாளும் சல்மா எட்டு மணி, எட்டு மணி, எட்டு மணி. அவர் கையெழுத்தில்.

எனக்கு என்னவோ போலிருந்தது. ஒரு டீ குடிக்கலாம் என்று கெட்டிலைத் தூக்கினேன். காற்றாக இருந்தது. உள்ளே துரு, ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"டீ எங்க, அங்கிள்?"

"எனக்கு டீ ஒத்துக்காது, மா. விட்டு ஏழு வருஷமாச்சு."

மேனேஜர் ஒன்பதரைக்குத்தான் வருவார். அதற்குள் பழைய ப்ரோக்ராமையே திரும்ப ஏற்றிவிட்டு, அவருக்கு மெசேஜ் அனுப்பினேன்.

'சாரி சார். எவ்வளவோ பார்த்துட்டேன், நாலு நிமிஷத்துக்குக் கீழ வரவே மாட்டேங்குது.'