குலசேகரன் கார்டன்ஸ்

பழைய லிங்கை அழுத்தியதும் திறந்துகொண்டது.

திறக்காது என்றுதான் அவன் நினைத்திருந்தான். கம்பெனியை விட்டுப் போனவனுக்கு அதன் கிளவுடில் யாராவது இடம் வைத்திருப்பார்களா என்ன? நவ்ஷாத் வைத்திருந்தான். படங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள் என்று அத்தனையும் கண்முன் கிடந்தன.

எடுக்க மறந்திருப்பான். நவ்ஷாத் எப்போதுமே அப்படித்தான்.

இப்போது வேலை பார்க்கும் ஆபீஸில் பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசையில் தயிர்சாத டப்பா திறந்தபடி இருந்தது. பசியில்லை.

பசியைக் கெடுத்தது காலையில் பார்த்த பதிவு. ஒரே நிறச் சட்டையில் ஏழெட்டுப் பேர், நடுவில் நவ்ஷாத். 'இன்று மதியம் எங்கள் முதல் பெரிய முதலீட்டாளர்களைச் சந்திக்கிறோம். துஆ செய்யுங்கள்.' கீழே வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன. தன் மனைவியும் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். கட்டிய புருஷனின் பதவி உயர்வுக்கு ஒரு கட்டைவிரலோடு முடித்துக்கொண்டவள்.

வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தச் சட்டையின் நிறம்கூட ஒருகாலத்தில் தான் தேர்ந்தெடுத்தது.

தண்ணீர் லாரியைப் போனிலேயே வரவழைக்கும் ஆப். கோடையில் சென்னை ஓ.எம்.ஆர். சாலை அடுக்ககங்கள் படும் பாட்டைப் பார்த்து அவனும் நவ்ஷாத்துமாகத் தொடங்கியது. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் மாதச் சம்பளம் உண்டா என்று கேட்டார்கள். அவன் வேலைக்குப் போய்விட்டான். அதன்பிறகு கேண்டீனில் யார் ஸ்டார்ட்அப் என்று வாயெடுத்தாலும், எல்லாம் அடுத்தவன் காசில் ஊதுகிற பலூன் என்பான். நாலு பேர் தலையாட்டுவார்கள். மனசு கொஞ்சம் ஆறும்.

பலூன் வெடிக்கவில்லை.

இன்று காட்டப்போகிற ஸ்லைடுகளைத் திறந்தான். முதல் பக்கத்தில், நிறுவனர் என்ற இடத்தில், நவ்ஷாத் பெயர் மட்டும். பொடி எழுத்திலாவது தன் பெயர் எங்காவது இருக்கும் என்று பக்கம் பக்கமாகத் தள்ளினான். இல்லை. ஆனால் வேலை நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறாவது பக்கத்தில் கை நின்றது.

எங்கள் வாடிக்கையாளர்கள் என்று அடுக்ககங்களின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், குலசேகரன் கார்டன்ஸ்.

அப்படி ஓர் இடம் உலகத்திலேயே கிடையாது.

ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் அவனே இட்டுக்கட்டி ஏற்றிய பெயர் அது. பள்ளியில் அவனை வெயிலில் முட்டி போடவைத்த பி.டி. வாத்தியார் குலசேகரன். அந்தப் பெயரில் தினமும் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கியதாகப் போட்டுத் தள்ளியிருந்தான். போகும்போது அழிக்கவில்லை. புதிதாய் வந்த பிள்ளைகள் நிஜம் என்று எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு வரி. அழித்துவிட்டால் தீர்ந்தது.

விரல் நகரவில்லை.

பக்கத்தின் மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் முளைத்தது. நவ்ஷாத் உள்ளே வந்துவிட்டான். அப்போதுதான் உறைத்தது. கோப்பைத் திறந்திருக்கும் எல்லோருடைய பெயரும் எல்லோருக்கும் தெரியும். தன்னுடையதும் தெரியும்.

போன் அதிர்ந்தது.

"டேய், உள்ளதான் இருக்கியா? போயிடாத மச்சி. நீ இருந்தா எனக்கு உதறல் இருக்காது."

மறந்துபோய் விட்டுவைத்தவன் இப்படி எழுதமாட்டான்.

இந்த நல்லதனம்தான் அவனுக்கு ஆகாது. விட்டுவிட்டுப் போன அன்றைக்கு நவ்ஷாத் ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

சரி என்று மட்டும் அனுப்பினான்.

புதுப்புது வட்டங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. முதலீடு செய்ய வந்த பெங்களூர்க்காரர்கள். நவ்ஷாத் எங்கோ ஓர் அறையில் பேசப்பேச, இங்கே வட்டங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தன. மூன்றாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றன. அந்த வரியை அழிக்க இன்னும் நேரம் இருந்தது. நான்காம் பக்கத்திலும் இருந்தது.

ஆறுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒருவர் குறிப்பு எழுதினார். என் தங்கை அந்த ஏரியாவில்தான் இருக்கிறாள். இவ்வளவு பெரிய இடம் எங்கே இருக்கிறது?

மறுபடி போன்.

"மச்சி, குலசேகரன் கார்டன்ஸ் எங்கடா இருக்கு? நீ புடிச்ச கஸ்டமர்தான? சீக்கிரம் சொல்லு."

உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். அப்படி ஒன்று இல்லை என்று எழுதினான். மூன்று வார்த்தை. அழித்தான்.

சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி, இடதுபக்கம் மூன்றாவது தெரு என்று எழுதி அனுப்பிவிட்டான்.

கேள்விக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, நவ்ஷாத் அதை எழுத்து மாறாமல் பதிந்தான். அதற்கும் கீழே இன்னொரு வரி ஓடியது. வழி சொன்னவர் என்று அவனுடைய முழுப்பெயர். இந்தக் கம்பெனியை என்னோடு ஆரம்பித்தவர். நீங்கள் அவரிடமே பேசலாம். கூடவே போன் நம்பர்.

அவன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

போன் அடிக்க ஆரம்பித்தது. தெரியாத எண்.