ஆற்றுத் திடலில் ஒரு பந்தக்கால்

"நம்ம நாலு பேர்ல ஒருத்தன்தான் மாநாட்டு இடத்தை வெளிய சொல்லுதான் சார். வேற யாருக்குத் தெரியும்?" என்றார் ஷேக் மைதீன்.

வண்ணார்பேட்டையில் அவருடைய ரெடிமேட் கடைக்கு மேலே இருந்த அறைதான் பொருநை மக்கள் கழகத்தின் தலைமை அலுவலகம். அவர் பொருளாளர். தலைவர் எலியேசர், பாளையங்கோட்டையில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். செயலாளர் பாபநாசம், அரிசி ஆலையில் கணக்குப் பார்ப்பவர். அமைப்பாளர் இசக்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே பஞ்சர் ஒட்டுபவன். அன்று இசக்கி மட்டும் வரவில்லை.

கழகத்தின் தொடக்க மாநாடு அதற்குள் இரண்டு முறை நின்றுபோயிருந்தது. உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஒரு திடலில் யார் முதலில் பந்தக்கால் நட்டுக் கொடி கட்டுகிறார்களோ, அந்தத் திடல் அவர்களுக்கு. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு முறையும் எலியேசர் நாளும் இடமும் குறித்து, வழக்கம்போல முதல் வேலையாக மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டு, கால் நடப் போனால் அங்கே பெரிய கட்சியின் கால் நின்றுகொண்டிருந்தது.

காயல்பட்டினத்திலிருந்தும் உவரியிலிருந்தும் வேன் பிடித்து வருவதாக இருந்தவர்கள், இன்னொரு தடவை ஏமாந்தால் எங்களை மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த மாநாடும் நின்றால் தொண்ணூற்றாறு தேர்தலைப் பார்க்கக் கழகமே இருக்காது.

"இசக்கியைக் கவனிச்சீரா வே?" பாபநாசம் ஷேக் மைதீனிடம் கேட்டார். "கழகத்துக் கரை வேட்டி எடுத்துக் கொடுத்து ரெண்டு மாசமாச்சு. ஒரு நாள் கட்டுனானா?"

பெரிய கட்சிக்காரர்களோடு அவன் டீக்கடையில் சிரித்துப் பேசியதையும் பார்த்தாராம். அவர்கள் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் பேசத்தானே செய்வான் என்று எலியேசருக்குத் தோன்றியது. ஆனால் தனக்குத் தோன்றுவதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மூன்று பேரையும் தனித்தனியே அழைத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மாநாட்டுக்கு மேலப்பாளையம் சந்தைத் திடல் என்று ஷேக் மைதீனிடம் சொன்னார். பாபநாசத்திடம் பேட்டை மைதானம் என்றார். இசக்கியிடம் கொக்கிரகுளம் ஆற்றுத் திடல் என்றார். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். எந்தத் திடலில் பெரிய கட்சியின் கால் முளைக்கிறதோ, அந்த ஆள்தான் ஒற்றன். சோதனைதானே என்று இந்த முறை மைக் செட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். மேலப்பாளையத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பேட்டையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொக்கிரகுளத்தில், திடலின் நட்ட நடுவே, மாவிலை கட்டிய புது மூங்கில் ஒன்று நின்றது. அதன் உச்சியில் பெரிய கட்சியின் கொடி.

அங்கிருந்து நேரே பஞ்சர் கடைக்குப் போனார். இசக்கி ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே இசக்கி, நீ இனிமே ஆபீசுக்கு வராண்டாம்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "சார்வாள், அந்தத் திடல்ல நான்..."

"திடலைப் பத்தி நீ பேசாத."

விசாரித்தால் ஏதாவது சொல்வான், சொன்னால் தானும் நம்பிவிடுவோம் என்று எலியேசருக்குப் பயம். திரும்பி நடந்தார். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை மாநாடு உண்டும்லா, சார்வாள்?"

இந்த நிலையிலும் உளவு கேட்கிறான் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பெரிய கட்சியின் நகரச் செயலாளர் ஜெய்சன். எலியேசரின் அக்கா மகன்தான். கழகம் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

"உனக்குச் சேதி சொல்லுத ஆளை இன்னைக்கு வெளிய அனுப்பிட்டேன் லே," என்றார் எலியேசர். "இனி எப்படிக் கால் நடுதன்னு பாக்கேன்."

ஜெய்சன் சிரித்தான். "எனக்கு எவன் மாமா சேதி சொன்னான்? இடத்தைக் குறிச்சதும் நீங்க மொத வேலையா மைக் செட்டுக்குல்லா சொல்லுதீய. எங்களுக்கும் அவருதான் மைக் செட்டு."

எலியேசர் வாசற்படி இறங்கி வந்தார். பிறகு பைய கேட்டார். "இந்தத் தடவை நான் அவர்ட்ட சொல்லலையே. கொக்கிரகுளத்துல எப்படிக் கால் நட்டீய?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். அது நாங்க நட்ட கால் இல்ல. உங்க இசக்கி நட்டு, எங்க கொடியைக் கட்டி விட்டிருக்கான். உங்க கொடியைக் கட்டுனா நாங்க புடுங்கிருவோமாம்; ஞாயித்துக்கிழமை காலையில மாத்திக்கிடுவானாம். இப்ப எங்க கொடியை நாங்களே புடுங்குனா ஊரு சிரிக்காதா மாமா?"

எலியேசர் செருப்பைத் தேடினார்.

"இப்படி ஒரு ஆளு எங்க கட்சியில இல்லையேன்னு, எங்ககூட வாயாம்லேன்னு கூப்பிட்டுப் பாத்தேன், வரமாட்டக்கான்," என்றான் ஜெய்சன். "சார்வாள் ஆபீசுக்குத்தான் வராண்டாம்னு சொன்னாவன்னு அந்தக் காலுக்குக் காவலா உக்காந்திருக்கான்; மடியில உங்க கரை வேட்டி, மடிப்புக் கலையாம, மாநாட்டு அன்னைக்குத்தான் கட்டுவானாம்."