விரிசலுக்குக் காரணம்

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போட்ட தடிமனான அடித்தளம் நெடுக விரிசல். கலவை சரியில்லை என்று மிக்சர் ஓட்டும் பையனை இன்ஜினியர் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

"அவன் பாவம் சார். கலவையில கை வெச்சது நான்தான்" என்றார் மேஸ்திரி, தலை குனிந்தபடி.

இன்ஜினியருக்கு ரத்தம் கொதித்தது. "பிள்ளைங்க படுக்கப்போற இடம்யா! எத்தனை மூட்டை சிமெண்ட்டை வித்தே?"

"சிமெண்ட்டை விக்கல சார். வித்தது என் வீட்டுக்காரி வளையலை."

"எதுக்கு?"

"அனல் மின் நிலையத்துச் சாம்பலைக் கலக்கச் சொன்னீங்க. நோயாளிப் பிள்ளைங்களுக்குச் சாம்பல் மேலயா கட்டடம்னு மனசு கேக்கல. அதை ஒதுக்கிட்டு, அந்த அளவுக்கும் நானே சிமெண்ட் வாங்கிப் போட்டேன். அப்படியும் வெடிச்சிருச்சே!"

இன்ஜினியரின் குரல் இறங்கியது.

"அதனாலதான்யா வெடிச்சுது. இவ்வளவு தடிமனுக்கு வெறும் சிமெண்ட் போட்டா, அது இறுகும்போது உள்ளே சூடு ஏறி விரிசல் விட்டுடும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் சாம்பல்."

மேஸ்திரி தலை நிமிர்ந்தார். "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

சொல்லவில்லைதான். மேஸ்திரிக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்திருந்தார். இன்ஜினியர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணே. அந்தப் பையன் வீட்டுக்கு ரெண்டு பேருமே போகணும்."